காட்டுப்பன்றிக்கு எந்தக் காலிபர்? மூன்று துப்பாக்கி மாற்றிய கதை

சுட்டவுடன் பன்றி விழுந்தது. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் பெருமையாக ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அது எழுந்து நின்றது. நின்ற வேகத்தில் ஓடைக்கரைப் புதருக்குள் போய்விட்டது. இருவரும் கைவிளக்கோடு இரண்டு மணி நேரம் தேடினோம். ஒரு சொட்டு இரத்தம்கூடக் கண்ணில் படவில்லை.

டெக்சாஸில் பிராசோஸ் ஆற்றை ஒட்டிய ஒரு பண்ணையில், ஒரு நவம்பர் இரவு நடந்தது இது. என் கையில் இருந்தது அலுவலக நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய .223 ரெமிங்டன் துப்பாக்கி. விடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அதைவிடப் பெரிய காலிபர், அதாவது பெரிய குழல் அளவு, எது என்று தேடியதுதான். அந்தத் தேடல் என்னை ஒன்றரை ஆண்டு தவறான பாதையில் இழுத்துச் சென்றது. செலவான டாலர்க் கணக்கை மனைவிக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

ஊரில் இருந்தவரை நான் தொட்ட ஒரே துப்பாக்கி, தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டு வெடிக்கும் தகரத் துப்பாக்கி. இங்கே வந்த பிறகு பண்ணைக்காரர் ஒருவர், முதலில் சொன்ன அந்தப் பெரியவர், பழக்கமானார். எழுபதைத் தாண்டிய மனிதர். ஓட்ஸும் சோளமும் போடுகிறார், கொஞ்சம் மாடுகளும் உண்டு. மக்காச்சோளம் விதைத்த இரவே பன்றிக் கூட்டம் வந்து, வரிசை பிடித்தாற்போல் ஒவ்வொரு விதையாகக் கிளறித் தின்றுவிட்டுப் போன நிலத்தை அவர் காட்டினார். ஏர் ஓட்டியதுபோல் கிடந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த வீட்டுப் பன்றிகளின் வழிவந்தவை இவை. 1930களில் வேட்டைக்கென்று இறக்கிய ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளின் இரத்தமும் பின்னால் கலந்தது. இன்று மாநிலம் முழுவதும் இருபது லட்சத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. அதனால் இங்கே பன்றி வேட்டைக்குப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. குறைந்தபட்சக் காலிபர் என்றுகூட எதுவும் விதிக்கப்படவில்லை.

சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். நம்மவர்கள் பலர் இதில் சறுக்குகிறார்கள். 2019 செப்டம்பரிலிருந்து, நில உரிமையாளர் அனுமதித்தால் தனியார் நிலத்தில் பன்றி சுட டெக்சாஸில் வேட்டை உரிமம் தேவையில்லை. அதைக் கேட்டுவிட்டு எச்1பி வேலை விசாக்காரர் உரிமம் எடுக்காமல் கிளம்பினால் மாட்டிக்கொள்வார். ஏனென்றால் குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. பன்றிக்கு வேண்டாத உரிமம் உங்களுக்கு வேண்டும். நான் பச்சை அட்டை வாங்கும்வரை ஒவ்வோர் ஆண்டும் அதைப் புதுப்பித்தேன். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைக் கல்விச் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் டெக்சாஸுக்கு மட்டும். இந்தியாவில் காட்டுப்பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விலங்கு. இந்தக் கட்டுரையை அங்கே யாரும் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

தப்பிய பன்றிக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை பெரியவர் அழைத்தார். "பொறியில் பெரிய ஆண்பன்றி ஒன்று விழுந்திருக்கிறது. வா தம்பி, நீ எதைச் சுட்டாய் என்று காட்டுகிறேன்." நான் போனபோது அதை முடித்து மரத்தடியில் கிடத்தியிருந்தார். முதலில் என்னிடம் ரப்பர்க் கையுறையை நீட்டினார். காட்டுப்பன்றியின் இரத்தத்தில் புருசெல்லோசிஸ் கிருமி இருக்கலாம், மனிதனுக்கும் தொற்றும். வெறுங்கையால் அறுப்பதை வீரம் என்று நினைப்பவர்களை நான் பிறகு பலமுறை பார்த்திருக்கிறேன்.

"எங்கே குறி வைத்தாய்?" என்றார். நான் மானுக்குப் படித்த பாடத்தை ஒப்பித்தேன்: தோளுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் நடு உயரத்தில். அவர் ஒன்றும் பேசாமல் அந்த இடத்தில் ஒரு கம்பியைச் செருகினார். பிறகு வயிற்றைத் திறந்தார். கம்பி நுரையீரலின் கடைசி ஓரத்தைத் தாண்டி, ஈரலும் இரைப்பையும் இருக்கும் பக்கம் போயிருந்தது. பன்றியின் இதயமும் நுரையீரலும் மானுக்கு இருப்பதைவிட முன்னால் தள்ளி, கீழே இறங்கி, முன்னங்கால்களுக்கு நடுவே ஒளிந்திருக்கின்றன. முன்னங்காலின் நடுக்கோட்டைப் பிடித்து மேலே போய், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்தினால் அங்கேதான் இதயம். முழங்கை நெஞ்சோடு ஒட்டும் இடம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து முதுகுப் பக்கம் வந்தார். தோளுக்கு மேல் எழும்பி நிற்கும் திமிலும் பிடரி மயிரும் கண்ணை ஏமாற்றுகின்றன. முதுகெலும்பு மேல்விளிம்பை ஒட்டி ஓடும் என்று நினைத்திருந்தேன். தோள்பட்டை அருகே அது நன்றாகக் கீழே தாழ்ந்து வருகிறது. அதற்கு மேலே இருப்பவை முள்ளெலும்பின் நீட்சிகளும் தசையும் கொழுப்பும்தான். "விழுந்து உடனே எழுந்தது என்றாயே, குண்டு அநேகமாக இந்த நீட்சியில் பட்டிருக்கும். அதிர்ச்சியில் கால் மடிந்திருக்கும். உயிர்நாடி எதையும் தொட்டிருக்காது." நடு உயரத்துக்குக் குறி வைத்தவன் குண்டை அதற்கும் மேலே அனுப்பியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசியாகத் தோள் கவசம். வளர்ந்த ஆண்பன்றிகளுக்கு வயது ஏற ஏற, ஒன்றையொன்று கோரைப் பல்லால் குத்திக் குத்தியும், தோளிலும் விலாவிலும் தோலுக்கடியில் குருத்தெலும்பு போன்ற ஒரு தகடு தடித்துப்போகிறது. பெரியவர் அதன் குறுக்கே கத்தியை இழுத்தபோது பழைய டயரை அறுப்பதுபோல் இருந்தது. அந்தப் பன்றிக்கு என் கட்டைவிரல் அகலம் தடிப்பு. அறுத்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் கத்தியை நிறுத்தினார். கவசத்துக்குள்ளே பட்டாணி அளவில் ஒரு முடிச்சு; பிளந்தால் ஈயமும் செம்புத் தகடும் கசங்கிக் கிடந்தன. யாரோ எப்போதோ சுட்டது. புண் ஆறி, மேலே சதை வளர்ந்து, பன்றி அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது.

"இதைச் சுட்டவனும் வீட்டுக்குப் போய்ப் பெரிய துப்பாக்கி வாங்கியிருப்பான்," என்றார் பெரியவர். நான் சிரிக்கவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால்தான் கடையில் முன்பணம் கொடுத்திருந்தேன்.

இங்கே சொற்களைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தோட்டா என்பது பித்தளைக் கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. குண்டு என்பது குழலிலிருந்து பறந்து போகும் பகுதி மட்டும். காலிபர் என்பது குழலின் விட்டம். நாம் வழக்கத்தில் தோட்டா வகையையே காலிபர் என்கிறோம், அதில்தான் குழப்பம் தொடங்குகிறது. .30-30, .308 வின்செஸ்டர், .30-06, .300 பிளாக்அவுட், .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய ஐந்தின் குண்டுக்கும் விட்டம் ஒன்றுதான், 0.308 அங்குலம். ஆனால் ஒலி வேகத்துக்குக் குறைவாகச் செல்லும் 220 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அலகு) பிளாக்அவுட் குண்டு குழல்வாயில் ஏறத்தாழ 500 அடி-பவுண்டு ஆற்றலோடு கிளம்புகிறது. 180 கிரெயின் மேக்னம் குண்டு ஏறத்தாழ 3,500. ஒரே விட்டம், ஏழு மடங்கு வித்தியாசம். ஆகவே யாராவது "முப்பது காலிபர் எடுத்துக்கொள்" என்று சொன்னால் அது அரை பதில்கூட இல்லை.

அதே மாதிரி, என் இரவல் .223இல் இருந்த தோட்டாவையும் பார்க்க வேண்டும். 55 கிரெயின், நொடிக்கு 3,240 அடி, சுமார் 1,280 அடி-பவுண்டு. காகிதத்தில் குறையொன்றுமில்லை. ஆனால் அந்தக் குண்டு புல்வெளி நாய் என்கிற அணில் இனத்துக்கும் நரிக்கும் செய்தது. மெல்லிய செம்பு உறை, பட்ட இடத்திலேயே சிதற வேண்டும் என்பதே அதன் வடிவமைப்பு. நான்கு பவுண்டு விலங்கில் அது கச்சிதம். கவசம் உள்ள ஆண்பன்றியின் தோளில் அது மேலோடு வெடித்து நின்றுவிடும். அதே .223இல் 62 கிரெயினுக்கு மேல், உறையும் ஈயமும் பிணைக்கப்பட்ட குண்டோ முழுச் செம்புக் குண்டோ போட்டிருந்தால் ஆழம் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனாலும் முள்நீட்சியில் சுட்டால் எந்தக் குண்டும் இதயத்தைத் தேடிப் போகாது. என் தவறு முதலில் குறி, அடுத்தது குண்டு. காலிபர் மூன்றாவது இடத்தில்தான் இருந்தது.

இதெல்லாம் புரிந்த பிறகும் முன்பணம் கொடுத்த .300 வின்செஸ்டர் மேக்னத்தை வாங்கத்தான் செய்தேன். கொடுத்த பணத்தை விட மனமில்லை என்பது ஒரு காரணம். உள்ளே ஒளிந்திருந்த பயம் இன்னொரு காரணம்: இன்னொரு பன்றி அப்படி எழுந்து ஓடிவிடக் கூடாது.

துப்பாக்கியின் பின்னுதையையும் அடி-பவுண்டில்தான் கணக்கிடுவார்கள். சாதாரண எடையுள்ள துப்பாக்கியில் .223 தருவது மூன்று நான்கு. .308 பதினேழு பதினெட்டு. மேக்னம் இருபத்தைந்தைத் தாண்டும். எண்ணாகப் பார்த்தால் சின்ன விஷயம். பயிற்சித் திடலில் மேசை மேல் வைத்து இருபது தோட்டா சுட்ட அன்று மாலை என்னால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. உதையாவது தோளோடு போகிறது. குழல்வாய் ஓசை மூளைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அதன் பலன் பிப்ரவரியில் தெரிந்தது. அறுபது கெஜம், பகல் வெளிச்சம், அசையாமல் நின்று மேய்ந்த பெண்பன்றி. விசையை அழுத்தினேன். பன்றிக்கு நான்கு அடி முன்னால் மண் எழும்பியது. கூட்டம் சிதறி ஓடியது. துப்பாக்கியில் ஏதோ கோளாறு, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் தளர்ந்திருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பெரியவர் திடலுக்குக் கூட்டிப் போனார். துப்பாக்கியை வாங்கி, நான் பார்க்காதபடி தோட்டாவை ஏற்றிக் கொடுத்தார். சுட்டேன், சரியாகப் பட்டது. மறுபடி ஏற்றிக் கொடுத்தார். இந்த முறை "டிக்" என்ற சத்தம் மட்டும் வந்தது. அவர் போட்டது மருந்தில்லாத போலித் தோட்டா. ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே குத்தியிருந்தது, என் கண் இரண்டும் மூடியிருந்தன. வெடி வரும் என்று உடம்பு முன்கூட்டியே பதறி இழுத்திருக்கிறது. ஸ்கோப்பைப் பற்றி அதன் பிறகு நான் பேசவில்லை.

துப்பாக்கி வாங்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்லும் சோதனை இதுதான். வாங்கும் முன் அதே காலிபரை யாரிடமாவது கேட்டு, திடலில், இன்னொருவர் போலித் தோட்டாவைக் கலந்து ஏற்றித் தர, பத்து முறை சுட்டுப் பாருங்கள். வெற்று விசையில் குழல் அசையாமல் நிற்கும் வரைதான் உங்கள் காலிபர். அதற்கு மேல் போவது கௌரவத்துக்காக.

மேக்னத்தின் இன்னொரு பிரச்சினை பன்றிக்குப் பின்னால் இருந்தது. பன்றிகள் தனியாக நிற்பதில்லை. பெண்களும் குட்டிகளுமாகக் கூட்டமாக நிற்கும். ஒருமுறை முன்னால் நின்றதைச் சுட்டேன், அது விழுந்தது. பின்னால் மறைந்து நின்ற இளம்பன்றி ஒன்று காலை இழுத்துக்கொண்டு ஓடியது. அதைத் தேடிப் பிடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்தப் பக்கம் வேலிக்கு அப்பால் மாடுகள் வேறு. டெக்சாஸில் உங்கள் குண்டு அனுமதியில்லாமல் அடுத்தவர் நில எல்லையைத் தாண்டினால் அதுவே குற்றம். எந்த ரைஃபிள் குண்டும் தட்டையான நிலத்தில் மைல் கணக்கில் போகக்கூடியது என்பதால், பின்னால் மண்மேடு இருக்கிறதா, இல்லையென்றால் மேடையிலிருந்து கீழ்நோக்கிச் சுடுகிறேனா என்று பார்த்த பிறகுதான் இப்போது விசையில் விரல் வைக்கிறேன். மேக்னத்தை நஷ்டத்துக்கு விற்றேன். வாங்கியவர் மலைப்பகுதியில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர். அவரிடம் அது சரியான இடத்தில் இருக்கிறது.

மூன்றாவதாகக் கைக்கு வந்தது .308 வின்செஸ்டர், ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் தாழ்ப்பை இழுக்கும் போல்ட் வகை. 1952இல் வந்த பழைய தோட்டா. புதிதாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை, எனக்கு அதுதான் பிடித்தது. 150 கிரெயின் குண்டு, நொடிக்குச் சுமார் 2,800 அடி, 2,600 அடி-பவுண்டுக்குச் சற்று மேல். என் பண்ணையில் நீண்ட குறி என்றாலே நூற்றைம்பது கெஜம். அந்தத் தூரத்துக்குள் அது தோள் எலும்பை உடைத்து, கவசத்தைத் தாண்டி, மறுபக்கம் வெளியேறுகிறது. வெளியேறும் ஓட்டை முக்கியம். பன்றியின் கொழுப்பு உள்நுழையும் சிறு ஓட்டையை அடைத்துவிடுகிறது, அடர்ந்த மயிர் மிச்சத்தை உறிஞ்சிவிடுகிறது; இரண்டாவது ஓட்டை இல்லையென்றால் மண்ணில் இரத்தத் தடம் விழுவதில்லை. அந்த முதல் இரவில் நாங்கள் இரண்டு மணி நேரம் தேடியும் ஒன்றும் காணாததன் இரகசியம் இதுதான். நான் பயன்படுத்துவது முழுச் செம்புக் குண்டு. விலை கூடுதல்தான், ஆனால் எடையை இழக்காமல் துளைத்துப் போகிறது, இறைச்சியில் ஈயத் துணுக்கும் சேராது. பயிற்சிக்கு மலிவான தோட்டாவைச் சுட்டு, வேட்டைக்கு முன் வேட்டைத் தோட்டாவில் நான்கைந்து சுட்டுக் குறியைச் சரிபார்த்துக்கொள்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில் படும் என்று நம்பக் கூடாது.

குறிச் சரிபார்ப்பில் நான் பட்ட இன்னொரு அடி. ஸ்கோப் குழலுக்கு மேலே ஒன்றரை அங்குலம் உயரத்தில் இருக்கிறது. நூறு கெஜத்துக்குச் சரிசெய்த துப்பாக்கி, இருபது கெஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே அடிக்கும். தோளுக்குச் சுட்டால் அது பொருட்டல்ல. காதுக்குப் பின்னால், எலுமிச்சை அளவு இடத்தில் சுடப் போகிறவனுக்கு அந்த ஓர் அங்குலம்தான் எல்லாம். தீவனத்தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்ற பன்றியைத் தாடையில் சுட்டுவிட்டு, உடனே இரண்டாவது தோட்டா போட்டு முடிக்க வேண்டிவந்தது. அதிலிருந்து ஒரு பழக்கம்: விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி, சுட்ட கையோடு அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டுத்தான் தலையை நிமிர்த்துவேன்.

ஆனால் இரவு வேட்டைக்கு .308 போல்ட் எனக்குச் சரிப்படவில்லை. கோடையில் பன்றிகள் பகலில் வெளியே வருவதே அரிது. வெப்பத்தைக் காட்டும் ஸ்கோப்பில் எட்டுப் பத்து வெள்ளை உருவங்கள் தெரியும். முதல் வெடிக்குப் பிறகு அடுத்த குறிக்குக் கிடைப்பது சில விநாடிகள். அதற்கு ஏ.ஆர்.15 வகை அரைத் தானியங்கி வசதி. அலுவலக நண்பர் அன்று இரவல் தந்த அந்தப் பழைய .223ஐ மலிவாக எனக்கே கொடுத்துவிட்டார். அதன் மேற்பாகத்தையும் மேகஸினையும் (தோட்டாப் பெட்டி) மாற்றி 6.5 கிரெண்டல் தோட்டாவுக்கு ஆக்கினேன்: 123 கிரெயின் குண்டு, 1,800 அடி-பவுண்டு அளவில், உதையோ .308இன் பாதிகூட இல்லை. நூறு பவுண்டு முதல் இருநூறு பவுண்டு வரையான பன்றிகள்தான் கூட்டத்தில் பெரும்பாலும் இருக்கும். அவற்றுக்கு இது தாராளம்.

பலர் இந்த இடத்தில் .300 பிளாக்அவுட் வாங்குகிறார்கள். ஒலி அடக்கியோடு சுட்டால் கதவு சாத்துவதுபோல் கேட்கும் என்பது ஈர்ப்பு. ஒலி வேகத்தைத் தாண்டும் 110, 125 கிரெயின் தோட்டாக்கள் நூறு கெஜத்துக்குள் நன்றாகவே வேலை செய்கின்றன. மெதுவாகப் போகும் கனமான தோட்டாவை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 500 அடி-பவுண்டு என்பது கைத்துப்பாக்கிகளின் தரம், குறி ஓர் அங்குலம் பிசகினால் பன்றி தன் வழியில் போய்விடும்.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பிளாக்அவுட்டும் .223உம் ஒரே மேகஸினில் பொருந்தும். பிளாக்அவுட் தோட்டா தவறிப்போய் .223 குழலுக்குள் ஏறிவிட்டால், பெரிய குண்டு சிறிய குழலில் அடைபட்டுத் துப்பாக்கியே முகத்தருகில் வெடித்துவிடும். இரண்டும் வைத்திருப்பவர்கள் மேகஸின்களை வேறு நிறத்தில் வைத்து, ஒரே இரவில் இரண்டையும் எடுத்துப் போகாமல் இருப்பது நல்லது. இருட்டில், பரபரப்பில், கை எதை எடுக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. என் வீட்டில் பிளாக்அவுட் இல்லாததற்கு இது ஒன்றே காரணம்.

மற்றவற்றைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவரிடம் இருப்பது .30-30 லீவர் துப்பாக்கி, 1895இல் வந்த தோட்டா, ஸ்கோப் கிடையாது. நூறு கெஜத்துக்குள் அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. புதருக்குள் காயம்பட்ட பன்றியைத் தேடிப் போகும்போது நானும் அதைத்தான் கேட்டு வாங்கிக்கொள்வேன், குட்டையாக இருக்கிறது. 7.62x39 தோட்டா ஆற்றலில் .30-30க்குக் கொஞ்சம் கீழே. மென்முனைக் குண்டு போட்டால் போதும், இராணுவ முழு உறைக் குண்டு ஊசிபோல் துளைத்துப் போய்விடும். 6.5 கிரீட்மோர் நல்ல தோட்டாதான், ஆனால் அதன் சிறப்பு முந்நூறு கெஜத்துக்கு அப்பால் தொடங்குகிறது. பன்றியை அவ்வளவு தூரத்தில் யார் சுடுகிறார்கள்? .45-70 சுட்டுப் பார்க்க ஆனந்தமாக இருக்கும், தோளுக்கு மறுநாள் விடுப்பு கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வீட்டில் .270 அல்லது .30-06 மான் துப்பாக்கி இருந்தால் பன்றிக்கென்று தனியாக எதுவும் வாங்காதீர்கள், குண்டை மட்டும் மாற்றுங்கள்.

.223 மட்டுமே இருக்கிறது என்பவர்கள் குழலில் பொறித்திருக்கும் சுழற்சி விகிதத்தை, அதாவது குழலின் உட்புறச் சுருள் வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்பதைப் பாருங்கள். பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இருக்கும் பழைய குழல்கள் நீளமான கனத்த குண்டைச் சுழற்றி நிலைநிறுத்தாது; குறிப்பலகையில் குண்டு பக்கவாட்டில் பட்டுச் சாவித்துளைபோல் ஓட்டை விழும். ஏழு, எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் கவலையில்லை. செம்புக் குண்டு அதே எடை ஈயக் குண்டைவிட நீளம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு பெரிய ஆண்பன்றி பக்கவாட்டில் திரும்பி நிற்கும்வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். சாய்ந்த கோணத்தில் தோள் வழியாக உள்ளே போக வேண்டிய சூட்டில்தான் பெரிய காலிபருக்கும் சிறிய காலிபருக்கும் உண்மையான வித்தியாசம் தெரிகிறது. .308இல் நான் எடுக்கும் சில கோணங்களை .223இல் எடுக்க மாட்டேன்.

சென்ற குளிர்காலத்தில் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, பன்றிக்கு எந்தத் துப்பாக்கி வாங்கட்டும்?" எங்கே சுடப்போகிறாய், எவ்வளவு தூரம், பகலா இரவா, பின்னால் என்ன இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டதில் அவனுக்குச் சலிப்பு வந்துவிட்டது. திடலுக்கு அழைத்துப் போய் என் .308ஐக் கொடுத்து, போலித் தோட்டாவைக் கலந்து ஏற்றினேன். பத்தில் ஆறு முறை குழல் குத்தியது. மெலிந்த உடம்பு, முதல் துப்பாக்கி, எதிர்பார்த்ததுதான். பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு .243 வின்செஸ்டர் இருந்தது. கேட்டதும் தயங்காமல் கொடுத்தார். அதில் பத்து முறையும் குழல் அப்படியே நின்றது.

"நீங்கள் .308தான் சொல்வீர்கள் என்று நினைத்தேன், அண்ணா," என்றான். .243ஐயே வாங்கி, 100 கிரெயின் பிணைக்கப்பட்ட குண்டில் இரண்டு மாதம் பயிற்சி எடுத்தான். கிடைத்த பன்றிப் படங்களிலெல்லாம் முழங்கைக்கு நேரே புள்ளி வைத்துப் பழகினான். மார்ச் மாதம் மக்காச்சோளம் விதைத்த வாரம் இருவரும் பெரியவர் பண்ணைக்குப் போனோம். எழுபது கெஜத்தில் அவன் சுட்ட பன்றி, நின்ற இடத்திலிருந்து இருபது அடிகூட நகரவில்லை.

அதே இரவில் நான் .308ஐ வைத்துக்கொண்டு ஒன்றைக் கோட்டைவிட்டேன். காற்று திரும்பி நம் வாடை போய்விட்டது, சுடும் நேரத்தில் பன்றி நகர்ந்துவிட்டது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். மறுநாள் காலை என் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு போலித் தோட்டாவை வைத்திருந்தார்.